பிறந்த வீட்டுக் கோடி

சாக்லேட் கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? எங்களைப் பார்த்தும் சிரித்தது. ஏரியிலிருந்து பஜாருக்கு ஏறுகிற வழியில் எங்கள் கடை, பின்னாலேயே வீடு. நான் வீட்டில் காய்ச்சி வார்க்கிற சாக்லேட், தைலம், காபித்தூள், மலைப்பூண்டு, குளிருக்குக் குல்லா, எல்லாம் உண்டு. வேனில் வந்து இறங்குகிற பிள்ளைகள் என் வீட்டுக்காரரிடம், "அங்கிள், தினமும் நீங்க எத்தனை சாப்பிடுவீங்க" என்று கேட்கும். "எனக்கு வாசம் மட்டுந்தான், ருசியெல்லாம் உங்களுக்கு" என்பார் அவர். அதிகம் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன்.

முன்பு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். போன சித்திரையில், சீசன் கூட்டத்துக்கு நடுவே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்து அழைத்து வந்தோம். கிளம்பும்போது அங்கிருந்த டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: மாத்திரையை விடக்கூடாது, தினமும் நடக்க வேண்டும், சாப்பாட்டில் கவனம் வேண்டும், டென்ஷன் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் அவர் பாடு. கடைசியாகச் சொன்னது என் பாடு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டால் நான் சும்மா இருப்பேனா. டிவியில் நியூஸ் வரும்போது சேனலை மாற்றினேன். மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி புரண்டது என்று யாராவது ஆரம்பித்தால் கண்ணைக் காட்டினேன். பக்கத்துக் கடை பாய் வந்து, "இந்தத் தடவ யாவாரமே இல்லையே" என்று சொல்ல வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குளிரு ஜாஸ்தி" என்று முடித்துக்கொண்டு போனார். கொடைக்கானலில் குளிர் ஜாஸ்தி என்று ஒரு மனிதர் கடை ஏறி வந்து சொல்லிவிட்டுப் போகிறார் என்றால் என் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்திருக்கத்தான் வேண்டும். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே தங்கை. பழனியில் மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தாய் சீக்கிரமே போய்விட்டதால் இவர்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தார். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவளை 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். தினமும் கடை அடைத்ததும் அவளிடமிருந்து போன் வரும். என்ன பேசுவார்கள் என்கிறீர்கள்? இவர் "ம்" என்பார். அவள் பேசுவாள். இவர் "சரி" என்பார். முடிந்துவிடும். அந்த ஒரு "சரி"யோடுதான் இவர் சாப்பிட உட்காருவார்.

பழனியிலிருந்து யார் மலை ஏறினாலும் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்துவிடுவாள். நான் போனில் பிடித்து விளாசுவேன். "சர்க்கரைக்காரருக்குப் பஞ்சாமிர்தம் குடுத்து விடுற தங்கச்சி உலகத்துலேயே நீ ஒருத்திதான்." அவள் சிரிப்பாள். "ஒரு வெரலு தொட்டு வைங்க மதினி, சாமி பிரசாதம் என்ன செய்யப்போகுது." நான் விரல்கூடத் தொட்டு வைக்காமல் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவேன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் அவள் மகன் போன் செய்தான். இவர் ஏரியைச் சுற்றி நடக்கப் போயிருந்தார். "அத்தே, அம்மா போயிருச்சு" என்றான். வெள்ளனே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டவள் அப்படியே உட்கார்ந்து சாய்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நான் அடுப்படியில் அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு அவன், "மாமாகிட்ட எப்படிச் சொல்றது அத்தே" என்று கேட்டான்.

சொல்லாதே என்று சொன்னது நான்தான். பிறகு சொந்தக்காரர்களிடம், ஏதோ அந்தப் பையனே யோசித்துச் சொன்னதுபோலப் பேசினேன். ஓசூரில் இருக்கிற என் மகளைக் கூப்பிட்டேன். அவளும், "வேண்டாம்மா, அப்பா தாங்க மாட்டாங்க" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

"அப்ப கோடி யாரு போடுறது" என்றான் பையன். எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து தன் கையால் அவள்மேல் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அது வராமல் எடுக்க மாட்டார்கள். எத்தனை நேரமானாலும் பிறந்த வீட்டுக்காரன் வரட்டும் என்று காத்திருப்பார்கள். "நான் கொண்டாரேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இவர் நடந்துவிட்டுத் திரும்பியபோது நான் நல்ல சேலை கட்டி நின்றேன். மகளிர் குழுவில் ஒருத்தியின் மகளுக்கு ஒட்டன்சத்திரத்தில் வளைகாப்பு, நேற்றே சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். அவருக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கு ஊர் முழுக்கச் சிநேகிதம். "பழனில எறங்கித்தான பஸ் மாறுவ. பாப்பாவ ஒரு எட்டு பாத்துட்டு வா" என்றார். நான் பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவர் கடையைத் திறந்து முந்திரி போட்ட சாக்லேட்டில் ஒரு பொட்டலம் கட்டி, "அவளுக்கு இதுதான் புடிக்கும்" என்று என் கையில் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு வரை குடை பிடித்துக் கொண்டுவந்து விட்டார். "மழ வலுக்கும், வெரசா திரும்பிரு" என்றார்.

பழனி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் சேலை எடுத்தேன். என்ன விசேஷம் என்று கடைப்பெண் கேட்டாள். மேலாக இருந்த ஒன்றைக் காட்டி, அதைக் கட்டு என்றேன்.

சாவு வீட்டில் எல்லோரும் என் பின்னால் பார்த்தார்கள். அண்ணன் வருகிறாரா என்று பார்த்தார்கள். "அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா அவரையும் தூக்கிட்டு வரணும்" என்றேன். பாதிப் பேர் சரி என்று தலையாட்டினார்கள். மற்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சேலையைப் பிரித்து நான்தான் போர்த்தினேன். அவர் பெயரைச் சொல்லி, உங்கண்ணன் போர்த்துறார் தாயி என்று சொல்லிப் போர்த்தினேன். அந்த முகத்தைப் பார்த்து அப்படி ஒரு பொய்யை எப்படிச் சொன்னேனோ. அவள் உயிரோடு இருந்திருந்தால், "மதினி, புளுகாதீங்க" என்று சிரித்திருப்பாள்.

மலை ஏறி வீட்டுக்கு வந்தபோது இருட்டி, பனி இறங்கிவிட்டது. சாவு வீட்டுக்குப் போன உடம்போடு குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க என்னால் முடியவில்லை. பொய் சொல்லத் தெரிந்த எனக்கு இது முடியவில்லை. பின்பக்கக் குழாயடியில் பச்சைத் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டேன். சேலையையும் அங்கேயே நனைத்துப் போட்டேன். பல் கிட்டிப்போனது. நிமிர்ந்தால், துண்டை வைத்துக்கொண்டு அவர் கதவோரம் நிற்கிறார்.

"என்ன, இந்நேரத்துல தலைக்கு ஊத்துற?"

"பஸ்ல ஒருத்தி என்மேல வாந்தி எடுத்துட்டா."

"ம்" என்றார். துண்டை நீட்டினார். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து எனக்கு வெந்நீர் காய்ச்சினார். அவர் கடைப்பக்கம் இல்லாத நேரம் பார்த்து, கொடுக்காமல் கொண்டுவந்த சாக்லேட் பொட்டலத்தைப் பிரித்து டப்பாவிலேயே திரும்பக் கொட்டினேன்.

அவர் கேட்பார் என்று பஸ்ஸில் வரும்போதே பொய்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். பாப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியவில்லை. போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. சின்ன மகன் வீட்டுக்குத் திருப்பூர் போயிருக்கிறாள். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் கேட்கவே இல்லை. அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கடை அடைத்ததும் போனை எடுத்துப் பார்ப்பார், கவிழ்த்து வைப்பார், சாப்பிட உட்காருவார். முருகன் காப்பாற்றினான் என்று நான் நினைத்தேன். தினமும் பேசிய தங்கையைப் பற்றி ஒரு மனிதர் ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கிறார், எனக்கு அது நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகுதான் சர்க்கரை ஏற ஆரம்பித்தது. ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து கட்டுக்குள் இருந்தது. சாப்பாடு அதே சாப்பாடு. கேப்பைக் களி, கீரை, அளந்து போட்ட சோறு, எல்லாம் என் கையால். ஆனாலும் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் நாளுக்கு நாள் கூடுதல். மாத்திரையைக் கூட்டினார்கள். பிரஷரும் ஏறியது. ராத்திரி முழிப்பு வந்து பார்த்தால் படுக்கையில் உட்கார்ந்திருப்பார். "என்னங்க" என்றால், "ஒண்ணுமில்ல, படு" என்பார். நடக்கப் போகிறவர் பாதி ஏரியிலேயே திரும்பி வந்தார்.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. திருட்டுத்தனமாகச் சாக்லேட் தின்கிறார். வேறு எப்படி ஏறும்? கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டேன். சட்டைப் பையில் காகிதம் இருக்கிறதா என்று தடவினேன். கடைக்கு ஆள் வந்தால், "சாவி குடு" என்று அவர் என்னிடம் கை நீட்ட வேண்டும். ஒருநாள் வெளியூர்க் கூட்டம் நிற்கும்போது, "என்ன, நாக்கு கேக்குதா" என்று நான் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். தின்னவில்லை என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இங்கே நாங்கள் பார்க்கிற டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "வீட்ல ஏதாவது கவலையா? துக்கம் எதுவும்?"

"ஒண்ணும் இல்ல" என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "சாக்லேட் திங்கிறாங்க டாக்டர், கேட்டுப் பாருங்க" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயில போட்டாத்தான் சர்க்கரை ஏறும்னு இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "மனசுல ஒண்ண வச்சு அடக்கிக்கிட்டே இருந்தா, உடம்பு அத ஆபத்துன்னு எடுத்துக்கும். ஓடுறதுக்குத் தெம்பு வேணும்னு கல்லீரலே சர்க்கரைய எடுத்து ரத்தத்துல விடும். இருக்கிற இன்சுலினும் சரியா வேல செய்யாது. நெஞ்சு படபடன்னு அடிக்கும், பிரஷர் ஏறும். ஒருநாள், ரெண்டுநாள்னா பரவால்ல. தினமும் இப்படின்னா, ஸ்டென்ட் வச்ச ஹார்ட் எவ்வளவுதான் தாங்கும்?"

வெளியே வந்து அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, குடையை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே போனேன். குடை என் கையில்தான் இருந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

"டென்ஷன் இல்லாம பாத்துக்கங்கன்னா, சேதி இல்லாம பாத்துக்கங்கன்னு அர்த்தமாம்மா?" என்று கேட்டார். "சொல்லிருங்க. காலையில மாத்திரை, சாப்பாடு முடிஞ்சதும் சொல்லுங்க. பக்கத்துலேயே இருங்க. அழுதா அழட்டும், தடுக்காதீங்க. நெஞ்சுல ஏதும் பண்ணுதுன்னா உடனே எனக்கு போன் போடுங்க."

சரி என்றுதான் வந்தேன். மறுநாள் காலை மாத்திரை கொடுத்தேன், களி கொடுத்தேன், சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. இந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் சாக்லேட் திருடித் தின்றிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். தின்றிருந்தால் சர்க்கரை அவரால் ஏறியது. தின்னவில்லை என்றால் என்னால் ஏறியது. ஒரே ஒரு காகிதம் கிடைத்தால் போதும், நான் தப்பித்தேன்.

ஒரு மத்தியானம், மழைக்கு ஆளே இல்லாத நேரம், அவர் பாய் கடையில் டீ குடிக்கப் போயிருந்தார். கடை முழுவதையும் கலைத்தேன். குல்லா மூட்டைகளைப் பிரித்தேன். தைலப் பாட்டில்களை நகர்த்தினேன். மேல்தட்டில், காலி அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால், அவருடைய பழைய ஜீப் துடைக்கிற துணியில் சுற்றி ஒன்று இருந்தது. கையில் எடுத்ததும் கனத்தது. மாட்டினாரா என்று எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

துணியைப் பிரித்தேன். பஞ்சாமிர்த டப்பா, என் கண்ணில் படாமல் எப்போதோ அவர் எடுத்து வைத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். சீல் உடையவே இல்லை.

நாற்காலியில் ஏறி நின்றபடியே இருந்தேன். அவர் வந்துவிட்டார். கலைந்து கிடந்த கடையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அதப் பிரிச்சிராத" என்றார். "பாப்பா கடேசியா குடுத்து விட்டது."

கடைசியாக என்றார். நான் இறங்க முடியாமல் அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். அவரே வந்து கையைப் பிடித்து இறக்கி உட்காரவைத்தார்.

"எப்பத் தெரியும்" என்று கேட்டேன்.

"அன்னைக்கே. வளைகாப்புக்குப் போயிட்டு வந்தவ, இந்தக் குளிருல பச்சத் தண்ணிய எடுத்துத் தலைக்கு ஊத்துவியா? வாந்திக்குச் சேலைய மாத்துனா போதாதா? மறுநாள் கடையத் தொறந்தா, நான் அள்ளுன முந்திரி சாக்லேட்டு திரும்ப டப்பாவுல கெடக்கு. பழனி வரைக்கும் போயி அவளுக்குக் குடுக்காம வருவியா நீ?"

"ஏங்க கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவர் டப்பாவை வாங்கி மறுபடியும் துணியில் சுற்றினார். ரொம்ப நேரம் சுற்றினார். "கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவ" என்றார். "கேக்காத வரைக்கும், ஒருவேள அவ மாப்பிள்ள வழியில வேற யாரோ, அவ இருக்காளோன்னு ஒரு இது. ராத்திரி போன எடுத்துப் பாப்பேன். வரலேன்னாலும், நாளைக்கு வந்தாலும் வரும்னு வச்சிருவேன். அப்படியே ஓடிருச்சு."

அப்புறம் அழுதார். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமாக அழுதார். அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பாய் ஓடி வந்தார். நான் கடைக் கதவைப் பாதி சாத்தினேன். வேண்டாங்க, நெஞ்சுக்கு ஆகாதுங்க என்று வாய் வரை வந்தது. டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பேசாமல் உட்கார்ந்தது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான் இருக்கும். தாலிச் சரட்டில் அந்தச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

அந்த வாரமே பழனிக்குப் போனோம். போட்டோவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவள் மகன் இவர் தோளில் விழுந்து, "மன்னிச்சிருங்க மாமா" என்று அழுதான். "நீ என்னப்பா செய்வ" என்று அவன் முதுகைத் தடவினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் இல்லைதான், ஆனாலும் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையும் மாற்றியிருக்கிறார்கள், அதனால் எது இறக்கியது என்று என்னால் சொல்ல முடியாது. ராத்திரி தூங்குகிறார். முழு ஏரியும் நடக்கிறார். நியூஸ் பார்க்கிறார். பாய் வந்து யாவாரம் இல்லை என்று மணிக்கணக்காகப் புலம்புகிறார், இவர் கேட்டுக்கொள்கிறார். அந்த டப்பா இன்னும் மேல்தட்டில் இருக்கிறது.

அன்று பழனியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மலை ஏற ஏறக் குளிர் கூடியது. அவர் மப்ளரைக் கழற்றி என் மடியில் போட்டார். பெருமாள்மலை தாண்டியபோதுதான் வாயைத் திறந்தார்.

"என்ன கலரு எடுத்த?"

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "மஞ்சள்" என்றேன். "சிவப்புக் கரை போட்டது."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் கடைக்குப் போகவே இல்லை, இனிமேல்தான் போய் எடுக்கப்போகிறேன் என்பதுபோல, மெதுவாகத்தான் சொன்னார்.

"மஞ்சள் வேணாம். கறுப்பா தெரியிறேன்னு சின்னதுலேருந்தே அவ மஞ்சள் கட்ட மாட்டா. பச்ச எடு."